‘அடுத்த டிரிப்’ சொன்னவன் தளவாய்புரம் போன கதை

இந்த வருஷம், 1943 மாசியில், எனக்குப் பத்து நாள் லீவு கிடைத்தது. அஸ்ஸாமில் எங்களோடு பறப்பவர்கள் லீவு கிடைத்தால் கல்கத்தாவுக்குப் போய் மூன்று நாள் அடித்துப் போட்டது போலத் தூங்குவார்கள். நான் தளவாய்புரம் போனேன். அது ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதைத் தவிர அந்த ஊரைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. என் வயர்லெஸ் ஆபரேட்டர் தேவநேசனின் ஊர் அது. பத்து மாதத்துக்கு முன்னால் வட பர்மாவில் மிச்சினா ஓடுதளத்தில் அவனை இறக்கிவிட்டு வந்தவன் நான். அதன் பிறகு அவனைப் பற்றித் தகவலே இல்லை. அவன் தாயாரிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டு வரவேண்டும் என்று புறப்பட்டேன்.

நான் பட்டாளத்துக்காரன் இல்லை. ஒரு தனியார் கம்பெனியில் விமானம் ஓட்டுகிறவன். சண்டை வந்ததும் அரசாங்கம் கம்பெனியின் விமானங்களை ஒப்பந்தத்துக்கு எடுத்தது, கூடவே எங்களையும் எடுத்தது. பட்டாளத்தில் ஒருவன் காணாமல் போனால் தந்தி வரும், பெரிய அதிகாரி கையெழுத்திட்ட கடிதம் வரும். எங்கள் ஆள் காணாமல் போனால் கம்பெனி குமாஸ்தா டைப் அடித்த நாலு வரிதான். தேவநேசன் வீட்டுக்கும் அந்த நாலு வரி போனது, பதில் வரவில்லை. இப்படிச் சக ஊழியர் வீடு தேடிப் போகவேண்டிய கடன் இன்னும் சிலருக்கு இருக்கிறது. அவர்களுக்கு உதவட்டும் என்று நேரம், கட்டணம், தூரம் எல்லாம் குறித்து வைத்தேன். குறித்து வைப்பது எங்கள் தொழில் புத்தி, தப்பாக நினைக்கவேண்டாம்.

எழும்பூரில் மாலை ஏழரைக்கு வண்டி. மூன்றாம் வகுப்பில் விருதுநகருக்கு ஆறு ரூபாய் சில்லறை. கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம், பாதி தூரம் நின்றேன். மறுநாள் பகல் பதினொன்றரைக்கு விருதுநகர். அங்கே தென்காசிப் பக்கம் போகும் வண்டிக்கு மாறவேண்டும். இரண்டு இருபதுக்கு என்று போட்டிருந்தார்கள், மூன்றுக்குத்தான் கிளம்பியது. சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி ராஜபாளையம், முப்பத்தைந்து மைல் சுமார், டிக்கெட் பதினோரு அணா. ஜன்னலில் மேற்கே மலை கூடவே வரும். மலையைப் பார்த்தால் எனக்கு இப்போதெல்லாம் உயரக் கணக்குத்தான் ஓடுகிறது, அழகு தெரிவதில்லை.

ராஜபாளையம் ஸ்டேஷனில் ஐந்தரைக்கு இறங்கினேன். தளவாய்புரம் ஆறு மைல். ஜட்காவுக்கு ஒன்றரை ரூபாய் கேட்டார் வண்டிக்காரர், புல்லுக்கட்டு விலையைச் சொல்லிக் குறைக்க மறுத்துவிட்டார். வீட்டில் தெலுங்கு பேசுகிற ராஜு ஜாதிக்காரர் அவர். என் காக்கிச் சட்டையைப் பார்த்து, “பட்டாளமா?” என்றார்.

“இல்லை. கம்பெனியில் விமானம் ஓட்டுகிறேன். பட்டாளத்துக்குச் சாமான் கொண்டுபோகிறோம்.”

“சம்பளத்துக்கா?”

“ஆமாம்.”

“துப்பாக்கி குடுத்திருக்காகளா?”

“இல்லை.”

“அப்போ நம்மளப் போல வண்டிக்காரருன்னு சொல்லுங்க” என்று குதிரையைத் தட்டினார். அதற்குமேல் என்னிடம் மரியாதை குறைந்துபோய், வழியெல்லாம் தன் குதிரையின் இருமலைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். எனக்கும் அது சௌகரியமாக இருந்தது. அந்த அம்மாளிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று யோசிக்க வேண்டியிருந்தது.

நடந்ததை இங்கே சொல்லிவிடுகிறேன். போன சித்திரையில் பர்மாவிலிருந்து நம் ஜனங்களை ஏற்றி வந்தோம். மிச்சினா ஓடுதளத்தின் ஓரத்தில் எப்போதும் நூற்றுக்கணக்கில் நிற்பார்கள். இருபத்தொரு பேர் உட்காரும் விமானத்தில் இருக்கைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு அறுபது பேரைத் திணிப்போம். கதவை மூடும்போது மீதிப் பேர் இறக்கையில் தொற்றாமல் இருக்கவேண்டுமே, அதற்கு விமானிகள் எல்லோரும் ஒரு வார்த்தை வைத்திருந்தோம்: “அடுத்த டிரிப்.” தேவநேசன் அதையே கதவில் நின்று தமிழிலும் தெலுங்கிலும் கத்துவான். சில நாள் நிஜமாகவே அடுத்த டிரிப் இருந்தது. அதனால்தான் அந்த வார்த்தை எடுபட்டது.

கடைசி நாள் காலையில் அஸ்ஸாமில் புறப்படும்போது ராணுவ அதிகாரி ஒருவர் என்னிடம், “இதோடு முடிந்தது என்று வைத்துக்கொள்” என்றார். போகிற போக்கில், “எதற்கும் சாயங்காலம் பார்ப்போம்” என்றும் சொன்னார். நான் அந்தச் சாயங்காலத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். தேவநேசனிடம் எதுவும் சொல்லவில்லை. மிச்சினாவில் ஏற்றி முடித்தபோது இரண்டு குழந்தைகள் உள்ளே இருந்தன, அவற்றின் தாய் வெளியே நின்று அலறிக்கொண்டிருந்தாள். இனி ஒரு ஆள் ஏறினாலும் விமானம் எழும்பாது. எதிரி காதில் விழும் என்று அந்தப் பாதையில் வயர்லெஸ் பேசவே கூடாதென்று உத்தரவு, ஆகையால் விமானத்தில் வேலையில்லாதவன் தேவநேசன் ஒருவன்தான். “நீ இறங்கு, அடுத்த டிரிப்பில் வா” என்றேன். அவன் குதித்து இறங்கி அந்தப் பெண்ணை ஏற்றிவிட்டான். சாயங்காலம் பறக்கக்கூடாது என்று உத்தரவு வந்தது. மறுநாளும் அதே உத்தரவு. மூன்றாம் நாள் அந்த ஓடுதளமே குண்டில் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

தளவாய்புரத்தில் மாதா கோயிலைத் தாண்டி மூன்றாவது வீடு என்றார்கள். ஏழு மணி இருக்கும். முற்றத்தில் ஒருவன் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டிருந்தான். முதுகைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வருஷம் எனக்குப் பின்னால் இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்தவனைத் தெரியாமல் போகுமா? வண்டியை விட்டு இறங்கினேன். செத்தவன் என்று பத்து மாதமாக நான் கும்பிட்டுக்கொண்டிருந்தவன் திரும்பி, கையைத் துடைத்துக்கொண்டு, “சார்” என்றான். பாதி உடம்பாக இருந்தான். இடது காலில் இரண்டு விரல் இல்லை.

நான் அவனைக் கட்டிக்கொண்டு அழப்போனேன். அவன் என் இரண்டு கையையும் பிடித்து நிறுத்தி, முதல் கேள்வியாக இதைக் கேட்டான்: “நாங்க கெளம்புன பொறவு பிளேன் வந்துச்சா சார்?”

“வரவில்லை” என்றேன்.

“ஒண்ணுகூடவா?”

“ஒன்றுகூட.”

அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவன் தாயார் விளக்கோடு வந்தார். நான் யார் என்று கேட்டுக்கொண்டதும், “நீங்கதானா அவிய” என்றார். உள்ளே போய் எனக்கும் சேர்த்து அரிசி போட்டார். கம்பெனி கடிதத்துக்குப் பதில் ஏன் போடவில்லை என்று கேட்டேன். “நாந்தான் போட வேண்டாம்னேன்” என்றான் தேவநேசன். “காணாமப் போனவனாவே இருந்துட்டுப் போறேன். திரும்ப அந்தத் தொப்பிய மாட்டச் சொல்லுவாக.”

தொப்பி என்றால் கம்பெனி தொப்பி, முன்னால் பித்தளை முத்திரை வைத்தது. அந்தத் தொப்பியின் கதையை அவன் சொன்ன பிறகுதான் நான் செய்த காரியம் என்னவென்றே எனக்கு விளங்கியது. அதுவரை ஒரு ஆளை விட்டுவிட்டு வந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

“நீங்க போனதும் பாதிப் பேரு நடக்கக் கெளம்பிட்டாங்க சார். மலை தாண்டி இந்தியாவுக்குப் போயிருவோம், மழை புடிக்கும் முன்னாடி போயிருவோம்னு. அப்ப ஒரு அம்மா என்னக் காட்டிச் சொன்னா, கம்பெனி ஆளையே விட்டுட்டுப் போயிருக்காக, தங்களோட ஆளக் கூப்பிட வராமப் போவாகளான்னு. கெளம்புனவுகள்ல நாப்பத்திமூணு பேரு திரும்பி வந்து என்னச் சுத்தி உக்காந்துட்டாங்க. நான் எந்திரிச்சு தண்ணி குடிக்கப் போனாக்கூட ரெண்டு பேரு கூட வருவாங்க. நாலு நாளு. குண்டு விழுந்த பொறவும் உக்காந்திருந்தோம். நான் தொப்பியக் கழட்டியிருக்கணும் சார். கழட்டல. எனக்கும் நம்பிக்கதான், நீங்க எங்கிட்ட சொன்னதாச்சே.”

எத்தனை பேர் வந்து சேர்ந்தீர்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. அவனே சொன்னான், அவனையும் சேர்த்துப் பதினேழு.

‘அடுத்த டிரிப்’ என்பது ஆட்களை ஏமாற்ற நாங்கள் பேசிய வார்த்தை. அதை ஊருக்கெல்லாம் கத்தியவனே தன்னிடம் சொல்லப்பட்டபோது நம்பியிருக்கிறான். அவனை நம்பி நாற்பத்துமூன்று பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊர்ப்பக்கம் வாங்கிய கடனுக்கு ஆளைப் பிணை வைப்பார்களே, அப்படி அவனை அங்கே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அன்று சாப்பாடு எனக்கு இறங்கவில்லை, அந்த அம்மாள் வற்புறுத்தவும் இல்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு தேவநேசன் ஒரு உதவி கேட்டான். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் சங்கரலிங்கம் என்று ஒருவர், அந்த நாற்பத்துமூன்று பேரில் அவரும் ஒருவர். பெண்சாதி முத்துலட்சுமி, எட்டு வயது மகள் பேச்சி, மூன்று பேரும் ஓடுதளத்தில் இருந்தார்கள். ஐந்தாம் நாள் காலையில், இனிமேல் உட்கார்ந்திருப்பது பைத்தியக்காரத்தனம் என்று முதலில் எழுந்தவர் அவர்தான். முத்துலட்சுமி வரமாட்டேன் என்றாளாம். இன்னும் ஒரு நாள் பார்ப்போம் என்று அழுதாளாம். அவர் கையைப் பிடித்து இழுத்து வந்தார். வழியில் காய்ச்சலில் அவள் போய்விட்டாள். சாகும்வரை, “இந்நேரம் வந்திருக்கும்” என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம்.

“ஊருக்கு வந்ததும் புள்ள அதத் தாய்மாமன்கிட்ட சொல்லிருச்சு. அவரு கான்சாபுரம். என் தங்கச்சிய பிளேன் வார எடத்துலருந்து இழுத்துட்டுப் போயிக் கொன்னவன்னு சொல்லி, புள்ளையக் கூட்டிட்டுப் போயிட்டாரு. காட்டவே மாட்டேங்காரு. சங்கரலிங்கத்த வழியில பாத்தா எங்கிட்ட அவரு கேக்குறது இது ஒண்ணுதான், அன்னைக்கு வந்துச்சா வரலையான்னு. எனக்கு என்ன தெரியும்? ஒங்களுக்குத்தான சார் தெரியும்.”

எனக்குத்தான் தெரியும். காலையில் கிளம்பினோம்.

தளவாய்புரத்திலிருந்து ராஜபாளையம்வரை மாட்டு வண்டியில் ஒரு சரக்கோடு ஓசியில் வந்தோம். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் ஏழு மைல், பஸ்ஸுக்கு ஆளுக்கு மூன்றணா. பெட்ரோல் இல்லாததால் இப்போது கரிவாயுவில் ஓடுகிற பஸ். பின்னால் அடுப்பு வைத்திருக்கிறார்கள், கிளம்ப அரைமணி ஊதவேண்டும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பின்வரிசையில் உட்காராதீர்கள். மடவார் வளாகத்தில் சிவன் கோயிலுக்குத் தெற்கே ஒரு மரக்கடை. சங்கரலிங்கம் அங்கே பலகை அறுக்கிறார். பர்மாவிலும் அதே வேலைதானாம். பத்தரை மணிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

தேவநேசன் என்னை யாரென்று சொன்னதும் அவர் வாளை மரத்திலேயே விட்டுவிட்டு எழுந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். சத்தியமாக, அடித்தால் தேவலை என்றிருந்தது.

“பிளேன் வரவில்லை” என்றேன். “நீங்கள் கிளம்பின பிறகும் வரவில்லை, முன்னாலும் வரவில்லை. முதல் நாள் சாயங்காலமே நிறுத்திவிட்டார்கள்.”

“இன்னொருக்கச் சொல்லுங்க.”

சொன்னேன்.

“அப்ப நான் அவள இழுத்துட்டு வந்தது சரிதானா?”

“சரிதான். அன்றைக்கே கிளம்பியிருக்க வேண்டும்.”

இதைச் சொல்லியிருக்கக் கூடாது என்பது சொன்ன பிறகு தெரிந்தது. அவர் மரத்தூளில் குந்தி உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினார். “மழ புடிச்சது நாங்க கெளம்புன ஏழாம் நாளு. ஆத்துல வெள்ளம். இந்தக் கரையில ஒம்பது நாளு கெடந்தோம். அங்கதான் அவளுக்குக் காச்ச வந்துச்சு.” நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “நாலு நாளு முன்னாடின்னா ஆத்தத் தாண்டியிருப்போம்லா?”

ஆமாம் என்றேன். மனசு கேட்காமல் மீதியையும் சொல்லிவிட்டேன்: அன்று காலையிலேயே இதுதான் கடைசி என்று ஒருவர் என்னிடம் சொல்லியிருந்தார், தெரிந்துகொண்டேதான் அந்த வார்த்தையைச் சொன்னேன் என்று. தேவநேசனுக்கும் அது அப்போதுதான் தெரியும். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை.

சங்கரலிங்கம் துண்டை உதறித் தோளில் போட்டார். “இதையே என் மச்சான் முன்னால சொல்லுவீயளா? தெரிஞ்சேதான் சொன்னேன்னு சொன்னீயளே, அதையும் சேத்து?”

“சொல்கிறேன்.”

கான்சாபுரம் வத்திராயிருப்புப் பக்கம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒன்பது மைல் என்றார் சங்கரலிங்கம், பத்து என்றார் பஸ் கண்டக்டர். கட்டணம் நாலணா. பன்னிரண்டே காலுக்கு ஏறி ஒன்றேமுக்காலுக்கு இறங்கினோம், நடுவில் ஒரு தடவை கரி போட நின்றது. தேவநேசன் எங்களோடு வரவில்லை. “நான் வாரல சார், அவிய வீட்டு வாசல்ல நான் நிக்கக் கூடாது” என்று பஸ் நிற்கும் இடத்திலேயே கைகுலுக்காமல் போய்விட்டான். அவன் கோபமாகப் போனானா, சும்மா போனானா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

மைத்துனர் மாடசாமி களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்தார். சங்கரலிங்கத்தைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு என்னிடம், “இவிய எதுக்கு இங்க வந்திருக்காக?” என்றார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பிளேன் வரவில்லை என்று சொல்வது அது நாலாவது தடவை. வைக்கோல் போருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெண் வந்து நின்றாள், அதுதான் பேச்சி. அவளைப் போகச் சொல்லுங்கள் என்றேன். “நிக்கட்டும்” என்றார் மாடசாமி. “அவளுந்தான அங்க உக்காந்திருந்தா.”

முடித்ததும் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “நீங்க கதவச் சாத்தையில எங்க முத்துலட்சுமி நின்ன எடம் ஒங்களுக்குத் தெரிஞ்சுதா?”

“எல்லா முகமும் தெரிந்தது. யாரென்று தெரியாது.”

அவர் முறத்தைக் கீழே வைத்தார். என்னைத் தாண்டிப் போய் சங்கரலிங்கத்தின் எதிரில் நின்றார். இத்தனை மாதத்தில் முதல் வார்த்தை, “மாப்ள, சாப்டீயளா?” என்றுதான் வந்தது. சங்கரலிங்கம் அந்த இடத்திலேயே சத்தம் போட்டு அழுதார். உள்ளே கூட்டிப்போய்ச் சோறு போட்டார்கள். எனக்கு யாரும் தண்ணீர்கூடத் தரவில்லை. நான் களத்து மேட்டில் வெயிலில் உட்கார்ந்திருந்தேன். அதுதான் எனக்குப் பொருத்தமான இடம் என்று பட்டது. மூன்றரைக்கு மாடசாமி பேச்சியின் பாவாடை சட்டையை ஒரு மூட்டையாகக் கட்டி சங்கரலிங்கத்தின் கையில் கொடுத்தார்.

இப்படிப் பயணம் போகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்த வரையில் சில விஷயம். முன்கூட்டிக் கடிதம் போடாதீர்கள், பாதி விஷயத்தைக் கடிதத்தில் மழுப்பிவிடத் தோன்றும். விருதுநகரில் சாப்பிட்டுவிடுங்கள், அதற்குமேல் நல்ல கிளப்புக் கடை இல்லை. மாசியிலேயே வெயில் சுள்ளென்று இருக்கிறது, குடை கொண்டுபோங்கள். ஒரு வீடுதான் என்று கணக்குப் போட்டு லீவு எடுக்காதீர்கள், அந்த ஒரு வீட்டிலிருந்து இன்னும் எத்தனை வீட்டுக்குப் போகவேண்டி வரும் என்று சொல்ல முடியாது. எனக்குத் தெரிந்து, அந்தக் கூட்டத்தில் வந்து சேராத இன்னும் இருபத்தாறு பேருடைய வீடுகள் இருக்கின்றன. போகிற இடத்தில் மன்னிப்பு எதிர்பார்த்துப் போகாதீர்கள், தெரிந்ததைச் சொல்லிவிட்டு வாருங்கள்.

கான்சாபுரத்திலிருந்து திரும்ப நாலு மணிக்கு பஸ். அன்று நாங்கள் மூன்று பேரும் சாலையோரம் வேப்பமரத்தடியில் நின்றோம். “பஸ் வந்துரும்மா, செத்த நேரம் உக்காரு” என்றார் சங்கரலிங்கம். பேச்சி உட்காரவில்லை. அப்பாவையும் பார்க்கவில்லை, என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். “வேண்டாம்ப்பா, நடந்துருவோம்” என்று சொல்லி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் எவ்வளவோ சொன்னார், தினம் வருகிற பஸ், மத்தியானம் நாங்கள் வந்ததே அதில்தான் என்றுகூடச் சொன்னார். அவள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். அன்று அந்த பஸ் வந்தது. ஒரு மணி நேரம் பிந்தி, ஐந்து பத்துக்கு, மூன்றாவது மைல் கல்லருகே எங்களைப் பிடித்தது. கண்டக்டர் கையைத் தட்டிக் கூப்பிட்டார். பேச்சி தலையைத் திருப்பாமல் நடந்துகொண்டே இருந்தாள், நாங்கள் இரண்டு ஆம்பிளைகளும் அவள் பின்னால் நடந்தோம்.